பூநாரை நிறம்

வத்த நேரம். முழங்கால் வரை சேறு.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மீன்முள் வாய்க்காலின் ஒவ்வொரு முள்ளிலும்
இருபத்தைந்து கன்று நட்டோம்.
நிற்பதை மட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
செத்ததற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

காரங்காட்டுக் கழியிலிருந்து
ஆகாயக் கம்பெனிக்குப் போகும் வழி இது:
உச்சியில் ஒரு தாய்க் கம்பெனி,
எந்த ஊரென்று சகாய ரெஜினாவுக்கும் தெரியாது, எனக்கும்.
தாய்க்கு மூன்று பிள்ளை.
ஒன்று பறக்கிறது
ஒன்று பறப்பவர்களுக்குச் சோறு கட்டுகிறது
ஒன்று விமானங்களை வாங்கி
மூத்ததுக்கே வாடகைக்கு விடுகிறது.
பறக்கிற பிள்ளைக்கு ஓர் அறக்கட்டளை
அறக்கட்டளைக்கு ஓர் ஆலோசகர்
ஆலோசகருக்கு மதுரையில் ஓர் ஆள்
அந்த ஆளுக்குத் தொண்டியில் ஒரு சப்-காண்ட்ராக்டர்
அவருக்குக் கீழே சேறு.
சேற்றில் நான், நாளுக்கு நானூற்று இருபது.

போன வருஷம் கம்பெனிக்குப் பேர் வேறு.
கரைப் பலகையில் நீலமாய் ஒரு சிறகு இருந்தது.
மாசியில் யாரோ யாரையோ வாங்கிவிட்டார்கள்,
இப்போது பூநாரை.
பலகையைத் திரும்ப எழுத வந்த சீனி இபுறாகீமுக்கு
நிறம் போனில் வந்தது, ஆறு இலக்க எண்ணாக.
நாலு டப்பாவைக் கலக்கிப் பார்த்தார்.
முதல் தடவை ஐஸ் வைக்காத மீனின் செவுள்.
அடுத்தது சேமியா ஐஸ்.
மூன்றாவது போட்டோவுக்கு
டெல்லியிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

பிறகு பிரணிதா மேடம் வந்தார், புது ரப்பர் பூட்ஸ்,
கூட ஒரு கேமராக்காரர்.
கழிமுகத்தில் நிஜப் பூநாரை இறங்கியிருந்த வாரம்.
ஏன் இவ்வளவு அழுக்கு வெள்ளை, என்றார்.
குஞ்சுங்க மேடம், என்றாள் ரெஜினா,
தின்னத் தின்னத்தான் செவக்கும்.
எத்தனை நாள்?
ரெண்டு மூணு வருஷம்.
பரவாயில்லை, என்றார் கேமராக்காரர்,
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒருவர் மதுரையிலிருந்து சென்னை போய்த் திரும்பினால்
கன்று ஏழு என்று கையேட்டில் படம் போட்டிருக்கிறது.
டிக்கெட்டோடு அறுபது ரூபாய் சேர்த்துக் கட்டினால்
புகை கழிந்துவிடும்.
கன்று இருபது வருஷம் நிற்க வேண்டும்,
அது சின்ன எழுத்தில்.

ஐப்பசிக் கொண்டல் அடித்ததில்
ஏழாம் வாய்க்காலில் போனது நூற்றுப் பன்னிரண்டு.
சிலதை ஆடு மேய்ந்தது, சிலதைக் கொட்டலசு அப்பியது,
மீதியை நீர் கொண்டுபோனது, வாங்கினதைத் திருப்புவது மாதிரி.
நூற்றுப் பன்னிரண்டை ஏழால் வகுத்தேன்.
அன்றிலிருந்து
மதுரைக்கு மேலே பதினாறு பேர்
பெல்ட் போட்டபடி, இறங்க இடமில்லாமல்
சுற்றிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.
யாருக்கும் இன்னும் தண்ணீர் கொடுக்கவில்லை.

உச்சிப்புளிப் பக்கமிருந்து
கடற்படை விமானமொன்று தாழப் போனது.
இதுக்கு யாருடி நடுறா, என்றாள் ரெஜினா.

மேட்டோரம் அடர்ந்து நிற்கிற பழைய கண்டல்
எங்கள் கணக்கில் வராது.
யாரும் நடாதது, சுனாமிக்கும் முன்னே நின்றது.
அதன் மூச்சு வேர்களுக்கு நடுவேதான்
நாங்கள் சோற்று வாளியை வைப்போம்.

மிஞ்சின சாயத்தை சீனி இபுறாகீம் விட்டுப் போயிருந்தார்.
பலகையின் முன்பக்கம் ரோட்டைப் பார்க்கும்.
பின்பக்கம் பெண்கடலைப் பார்க்கும்.
அந்தப் பக்கத்தில்
தென்னமட்டையை நசுக்கி, ஆறு இலக்க நிறத்தில்,
112 என்று எழுதி வைத்தேன்.
நண்டு வலைக்குப் போகிறவர்கள்
ஏதோ அவசர போன் நம்பர் என்கிறார்கள்.
ஒருத்தர் அடித்தும் பார்த்தாராம்,
யாரோ எடுத்தார்களாம்,
எந்த இடம் என்று கேட்டார்களாம்.

பெருக்கு ஏறுகிறது.
எட்டாம் வாய்க்கால் இன்னும் பாக்கி.